மழைநாட்டுக் கணக்கு பாலைவனத்துக்கு ஆகாது

மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில், ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 22 கிலோமீட்டர் மண் பாதையின் முடிவில், ரெயின்போ வேலி என்ற சிறிய முகாமிடம் இருக்கிறது. மாலை வெயிலில் அங்குள்ள மணற்பாறைகள் சிவந்து ஒளிர்வதைக் காட்டுவதற்காகவே கோலாலம்பூர் நண்பர்களை அழைத்துச் செல்கிறேன். குழிக் கழிப்பறை உண்டு; தண்ணீர் கிடையாது. சென்ற ஜூலையில் புதிதாக வந்த இரு குடும்பத்தினர், நான் முன்பு செய்த தவறுகளையே வரிசையாகச் செய்தார்கள். கைவிளக்கை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை; ஒருமுறை பட்டதும் அவற்றை யாரும் திருத்திக்கொள்வார்கள்.

தண்ணீரை ஒரே கேனில் கொண்டு போவது

கோலாலம்பூருக்குப் பக்கத்து உலு லங்காட்டில் ஆற்றங்கரையில் கூடாரமடித்துப் பழகிய நமக்கு, தண்ணீர் என்பது எடுத்துப் போகும் பொருளே அன்று. பத்தடி நடந்தால் ஆறு ஓடும், இல்லாவிட்டால் மாலையில் மழை பெய்யும். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் முதல்முறை நால்வருக்கு ஒரே ஒரு 20 லிட்டர் கேனை வாங்கி, வாகனத்தின் பின்புறத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன். அந்த மண் பாதை அலையலையாக வரி விழுந்தது. வாகனம் முழுதும் இடைவிடாமல் அதிரும். அடுப்பின் விளிம்பு கேனின் குழாயில் இடித்து இடித்து அதன் கழுத்தில் விரிசல் கண்டது. தேநீர் வைக்கக் கேனைத் தூக்கியபோது, அது காற்றைப் போல் எடையற்று எழுந்தது. மிச்சம் இரண்டு சிறிய புட்டிகள். இருட்டில் கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால் திரும்பி ஓட்டவும் முடியவில்லை. பக்கத்துக் கூடாரத்து முதிய தம்பதியர் நான்கு லிட்டர் கொடுத்ததால் அந்த இரவைக் கடந்தோம். விடிந்ததும் மூன்று நாள் பயணத்தைப் பாதியிலேயே முடித்துக்கொண்டு திரும்பினோம்.

இத்தனையும் புறப்படும் முன்பே விளக்கிச் சொல்லியும், சென்ற ஜூலையில் வந்தவர்கள் தூக்க வசதியாக இருக்கிறது என்று ஒரே கேனைத்தான் வாங்கி வந்தார்கள். எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். 5 லிட்டர் கேன்கள் நான்குக்கும் ஒரு 20 லிட்டர் கேனுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஒன்று உடைந்தால் கால் பங்குதான் போகும். குழாய் இல்லாத, திருகு மூடி போட்ட கேன்களாக வாங்கி, நிமிர்த்தி வைத்து, போர்வையால் இறுக்கிக் கட்டுங்கள்.

அளவிலும் நாம் ஏமாறுகிறோம். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் வியர்வை காயாது. சட்டை நனைவதை வைத்தே உடல் இழக்கும் நீரை அறிந்துவிடுகிறோம். பாலைவனத்தில் அது தோலிலிருந்து அப்படியே ஆவியாகிவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லையே அண்ணே, தண்ணீர் எதற்கு?" என்று நண்பகலில் கேட்ட இளைஞருக்கு மாலையில் தலைவலி, அவருடைய கறுப்புச் சட்டையின் முதுகில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளானால் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர், அதற்கு மேல் ஒரு நாள் கையிருப்பு என்பது, ஜூலை அடங்கிய அந்த ஊர்க் குளிர்காலத்துக்கு என் கணக்கு. கோடையில் நான் யாரையும் அழைத்துச் செல்வதில்லை.

இரவுக் குளிரை நம்பாதது

ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை. சில இரவுகளில் உறைநிலைக்கும் கீழே போகும். வறண்ட காற்றும் மேகமற்ற வானமும் பகல் வெப்பத்தைத் தக்கவைப்பதில்லை. மலேசியாவின் கேமரன் மலைக்கு வாங்கிய மெல்லிய குளிர்சட்டை அங்கே போதாது.

மரநிழலில் கூடாரம் போடுவது

மத்திய ஆஸ்திரேலியாவின் வறண்ட ஆற்றுப்படுகைகளில் நிற்கும் பெரிய யூக்கலிப்டஸ் மரங்கள், காற்றே இல்லாத நாளிலும் கனத்த கிளைகளைத் திடீரென உதிர்க்கும். படுகையிலும் படுக்காதீர்கள், எங்கோ தொலைவில் பெய்த மழை அங்கே வெள்ளமாக வரலாம்.

வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காதது

சாதாரணக் கார்களுக்கு மண் சாலையில் காப்புறுதி பெரும்பாலும் செல்லாது.

எரிவாயுக் குப்பி

விமானத்தில் ஏற்ற முடியாது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வாங்குங்கள்.

கறிவேப்பிலை

பச்சை இலையை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டு போகாதீர்கள். பருப்பு, ஊறுகாய், மசாலை எதுவானாலும் வருகை அட்டையில் அறிவித்துவிடுங்கள்.