நீரா, எத்தனாலா? கரைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரில் கரையாத பொருளை ஸ்பிரிட்டில் (அதன் பெரும்பகுதி எத்தனால் என்னும் ஆல்கஹால்) போட்டால் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை பள்ளி ஆய்வகத்தில் தொடங்கி மரவேலைப் பட்டறை வரை பரவிக் கிடக்கிறது. கரைப்பான்களை வலியது, மெலியது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதால் வரும் தவறு இது. சமையல் உப்பையே எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியஸில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பைக் கரைக்கும். அதே அளவு தூய எத்தனால் 0.1 கிராம் உப்பைக்கூடக் கரைப்பதில்லை. கற்பூரத்திலோ நிலைமை தலைகீழ். ஒரு கிராம் கற்பூரம் கரைய ஏறத்தாழ 800 மி.லி. நீர் வேண்டும், எத்தனாலாக இருந்தால் ஒரு மி.லி. அளவே போதும்.

உப்புப் படிகத்தில் சோடியம், குளோரைடு அயனிகள் (மின்சுமை கொண்ட அணுக்கள்) எதிரெதிர் மின்சுமைகளால் இறுகப் பிணைந்துள்ளன. அந்தப் பிணைப்பு விடுபட வேண்டுமானால், பிரிந்து வரும் ஒவ்வோர் அயனியையும் கரைப்பானின் மூலக்கூறுகள் சூழ்ந்து தாங்க வேண்டும்; அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பும் தளர வேண்டும். ஒரு கரைப்பான் அந்த ஈர்ப்பை எத்தனை மடங்கு தளர்த்தும் என்பதை அதன் மின்காப்பு மாறிலி காட்டுகிறது. நீருக்கு அது 80-ஐ ஒட்டியும் எத்தனாலுக்கு 25-ஐ ஒட்டியும் இருக்கிறது. எத்தனால் மூலக்கூறின் ஒரு முனையில் நீருக்கு உறவான ஹைட்ராக்சில் தொகுதியும் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது), மறுமுனையில் எண்ணெய்க்கு உறவான, இரண்டு கார்பன் கொண்ட பகுதியும் உள்ளன. முதல் முனையின் துணையால் அது நீருடன் எந்த விகிதத்திலும் கலக்கிறது. இரண்டாவதன் துணையால் நீர் தொடாத பல பொருள்களைக் கரைக்கிறது.

'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்' என்ற விதியை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். விதி பயனுள்ளதுதான், ஆனால் அதை மட்டும் நம்பி விடை எழுதினால் பிழைகள் நேரும். அயனிச் சேர்மங்கள் எல்லாம் நீரில் கரையும் என்பது அவற்றில் முதன்மையானது. சில்வர் குளோரைடும் பேரியம் சல்பேட்டும் அயனிச் சேர்மங்களே. ஆனால் படிகத்துக்குள் இருக்கும் ஈர்ப்பை நீரால் ஈடுசெய்ய முடியாததால் அவை கரைவதில்லை என்றே சொல்லலாம். கரையக்கூடிய பேரியம் உப்புகள் கொடிய நஞ்சு. அப்படியிருந்தும் உணவுக்குழாயை எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டைக் குடிக்கக் கொடுக்க முடிவது, அது கரையாமல் அப்படியே வெளியேறிவிடும் என்பதால்தான்.

எண்ணெய்கள் அனைத்தும் ஒன்றுபோல நடந்துகொள்ளும் என்பது அடுத்த பிழை. 95 சதவீத எத்தனாலில் தேங்காய் எண்ணெயை ஊற்றிக் குலுக்கினால் சிறிது நேரத்தில் எண்ணெய் பிரிந்து அடியில் தங்கும். நீரில் மிதக்கும் எண்ணெய் இங்கே மூழ்குவதைக் கண்டு வியப்பவர் உண்டு. எத்தனாலின் அடர்த்தி எண்ணெயினதைவிடக் குறைவு என்பதே காரணம். ஆனால் விளக்கெண்ணெய் அதே எத்தனாலில் தெளிவாகக் கலந்துவிடும். அதன் பெரும்பகுதியான ரிசினோலிக் அமிலத்தின் சங்கிலியில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி உண்டு. அந்த ஒற்றைத் தொகுதி எத்தனாலுடன் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. ஆகவே பொருளின் பெயரைவிட அதன் மூலக்கூறு அமைப்பைப் பார்த்துக் கரைப்பானைத் தேர்வதே சரி.

மரத்திலிருந்து கசிந்து இறுகும் எல்லாவற்றையும் பிசின் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால் கரைப்பானும் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கருவேலம் பிசின் சர்க்கரை வகையைச் சேர்ந்த நீண்ட மூலக்கூறுகளால் ஆனது. நீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது. சாம்பிராணி இதற்கு நேர்மாறு. பெருங்காயத்தில் இரு வகையும் கலந்திருப்பதால் அதை நீர், எத்தனால் இரண்டில் எதுவும் தனியாக முழுமையாகக் கரைப்பதில்லை. மரத்துக்குப் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் அரக்கு, பூச்சியிலிருந்து கிடைப்பதானாலும் சாம்பிராணியின் பக்கம்தான் சேரும். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் போட்டு மூடி வைத்தால் அவை முதலில் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவ்வப்போது கலக்கிவிட்டால் மறுநாளுக்குள் தேன் நிறத்தில் கரைந்துவிடுகின்றன. எஞ்சும் மங்கலான வண்டல் பெரும்பாலும் அரக்கிலுள்ள மெழுகுதான். அதையும் கரைக்க எண்ணிச் சூடாக்குவதோ மேலும் ஸ்பிரிட் ஊற்றுவதோ வீண் வேலை. மிச்சம் பிடிக்க நீர் கலந்த ஸ்பிரிட்டை வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. பூச்சு காயும்போது வெண்மை படர்ந்துவிடும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஒரு கரைசலில் வேறொரு கரைப்பானைச் சேர்ப்பதை வெறும் நீர்த்தலாகக் கருதக் கூடாது. சாம்பிராணி கரைந்த ஆல்கஹாலில் நீரை ஊற்றினால் பிசின் நுண்துளிகளாகப் பிரிந்து கலவை பால்போல் வெளுக்கும். கருவேலம் பிசின் கரைந்த நீரில் போதிய அளவு எத்தனாலை ஊற்றினாலும் பிசின் வெளியேறி வீழ்படிவாகும்.

கரையும் வேகத்தையும் கரைதிறனையும் குழப்பிக்கொள்வது மிகப் பரவலானது. தூளாக்குவதும் கலக்குவதும் வேகத்தைத்தான் கூட்டும்; எவ்வளவு கரையும் என்ற எல்லை மாறாது. வெப்பத்தால் அந்த எல்லை மாறலாம், ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே திசையில் மாறுவதில்லை. வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) 20 டிகிரியில் 100 கிராம் நீருக்கு 32 கிராம் அளவில் கரையும். கொதிநிலையிலோ 240 கிராமைத் தாண்டும். சமையல் உப்பு அதே வேறுபாட்டில் 36-லிருந்து 39 வரைதான் ஏறுகிறது. நீற்றிய சுண்ணாம்பின் கரைதிறன் சூட்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வாயுக்களும் சூடான நீரில் குறைவாகவே கரையும்.

அளவிடுவதில் நேரும் தவறு வேறு வகை. 50 மி.லி. எத்தனாலுடன் 50 மி.லி. நீரைச் சேர்த்தால் 100 மி.லி. கிடைக்காது, 96 அல்லது 97 மி.லி.தான் இருக்கும். இரு வகை மூலக்கூறுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக அடங்குவதே காரணம். 95 சதவீத எத்தனாலிலிருந்து கனஅளவில் 70 சதவீதக் கரைசல் 100 மி.லி. வேண்டுமானால், 73.7 மி.லி. எடுத்து அளவுக்குடுவையில் ஊற்றி, 100 மி.லி. கோடு வரை நீர் விட வேண்டும். நீரைத் தனியே 26.3 மி.லி. அளந்து ஊற்றினால் கணக்கு பிசகும்.

இறுதியாக, இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று அயோடினால் கண்டறிய, பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் சோதனை. இலையை முதலில் நீரில் கொதிக்க வைப்பது செல்களைக் கொன்று மென்மையாக்கத்தான். பச்சை நிறம் இறங்கும் என்று அதிலேயே காத்திருப்பதில் பயனில்லை. பச்சையம் எத்தனாலில்தான் இறங்கும். ஸ்டார்ச் அதில் கரையாமல் இலையிலேயே தங்கிவிடுவதால்தான் இந்தச் சோதனையே சாத்தியமாகிறது. எத்தனால் இருக்கும் சோதனைக்குழாயை நேரடித் தீயில் காட்டவே கூடாது. தூய எத்தனாலின் தீப்பற்றுநிலை, அதாவது அதன் ஆவி சுடர் பட்டதும் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை, 13 டிகிரியை ஒட்டியது. நம் சமவெளிப் பகுதி வகுப்பறைகள் ஆண்டு முழுவதும் அதைவிட வெப்பமாகவே இருக்கும். சுடரை அணைத்துவிட்டு, ஏற்கெனவே கொதித்த நீர் உள்ள முகவையில் குழாயை நிறுத்தினால் போதும். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெளுத்த இலையின் மேல் விடும் அயோடின் கரைசலையும் வெறும் நீரில் தயாரிக்க முயலக் கூடாது. 100 மி.லி. நீரில் 0.03 கிராம் அயோடின் அளவுக்கே கரையும். முதலில் பொட்டாசியம் அயோடைடைச் சிறிதளவு நீரில் கரைத்து, அதில் அயோடினைச் சேர்த்தால் இரண்டும் இணைந்து டிரைஅயோடைடு அயனியாக மாறி எளிதில் கரைந்துவிடும். தேவையான நீரை அதன் பிறகு சேர்க்கலாம்.