கனடாவில் முதல் துவக்கு: லீவர் துவக்கும் மான் வேட்டையும்

வன்னிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் துவக்கு என்றால் இரண்டு ஞாபகம் வரும். ஒன்று போர். மற்றது அதற்கும் முந்தியது: இடியன் துவக்கோடு பன்றிக்குப் போன பெரியப்பா, "காட்டோரம் போகாதே, கட்டுத்துவக்கு வைத்திருப்பாங்கள்" என்று மறித்த அம்மா. கனடாவுக்கு வந்து பல வருடம் எனக்கு முதல் ஞாபகம் மட்டுமே இருந்தது. நவம்பர் வந்ததும் வேலையிடத்தில் இரண்டு பேர் லீவு போட்டுவிட்டு, செம்மஞ்சள் சட்டையோடு வடக்கே போவதைப் பார்த்தபோதுதான் மற்றது திரும்பி வந்தது.

இப்போது ஒவ்வொரு இலையுதிர் காலமும் நானும் போகிறேன். கையில் இருப்பது ஒரு பழைய லீவர் துவக்கு. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்பு இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக்கோது வெளியே விழுந்து அடுத்த ரவை ஏறும். புதிதாக வந்த தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணை, இங்கே நாங்களும் துவக்கு வைத்திருக்கலாமோ? சிற்றிசன் ஆக வேண்டுமோ?"

வைத்திருக்கலாம். குடியுரிமை தேவையில்லை. ஆனால் துவக்கைத் தொடுவதற்கு முதல் கடதாசி வேலை முடிய வேண்டும், அதில் குறுக்கு வழி கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். இன்னும் குடியுரிமை எடுக்காதவருக்கு ஆயுதக் குற்றம் என்பது நாடு கடத்தல் வரை கொண்டுபோய் விடலாம். "என் துவக்கை ஒரு கிழமைக்கு நீ வைத்திரு" என்று எவ்வளவு நெருங்கிய கூட்டாளி சொன்னாலும் வாங்காதீர்கள்.

முதற்படி கனேடியத் துவக்குப் பாதுகாப்பு வகுப்பு. எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டிலும் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் என்று பயப்படாதீர்கள். பாடப்புத்தகத்தை இரண்டு முறை வாசித்தால் போதும், படங்கள் நிறைய உண்டு. லீவர், போல்ற், பம்ப் என்று ரவை ஏற்றும் முறையில் வேறுபடும் ஒவ்வொரு வகையையும் கையில் தந்து பழக்குவார்கள். வேட்டைக்கும் போக நினைப்பவர்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் வேட்டைக் கல்வி வகுப்பையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். பல இடங்களில் இரண்டையும் ஒரே வார இறுதியில் முடிக்கலாம்.

பிறகுதான் துவக்கு லைசென்ஸுக்கு, கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யிடம் விண்ணப்பம். இந்த லைசென்ஸை இங்கே பீ.ஏ.எல். என்பார்கள். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். உங்களை 3 வருடமாவது தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். ஊரிலேயே உங்களைத் தெரிந்து, உங்களுக்கு முன்னால் இங்கே வந்தவர் யார் என்று இப்போதே யோசித்து வையுங்கள். கணவன் அல்லது மனைவியின் கையெழுத்துக்கும் இடம் உண்டு. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அவருக்கு அறிவிப்பார்கள். இது நல்ல ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். போரைப் பார்த்து வந்த வீட்டில் துவக்கு நுழைவது சின்ன விஷயம் இல்லை. என் மனைவி கையெழுத்துப் போட நாலு மாதம் எடுத்தா. அந்த நாலு மாதமும் நாங்கள் பேசியதெல்லாம் பேச வேண்டியவைதான்.

முதல் தடவை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. உண்மையில் சில மாதம் போகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கார்ட் வந்தபின் 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், வீடு மாறினால் 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து, கடையில் வாங்கினாலும் ஒருவரிடம் பழையதை வாங்கினாலும், விற்பவர் உங்கள் லைசென்ஸைச் சரிபார்த்து ஓர் இலக்கம் பெற்ற பிறகுதான் துவக்கு கைமாறலாம். அதைக் கேட்காமலே தர ஒருவர் தயாராக இருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

சரி, ஏன் லீவர்? கனடாவில் 2020இலும் அதற்குப் பிறகும் தடைப்பட்டியல்கள் நீண்டன, 2022 ஒக்ரோபரில் கைத்துப்பாக்கி விற்பனையும் முடக்கப்பட்டது. வழமையான லீவர் வேட்டைத் துவக்குகள் இன்றும் கட்டுப்பாடு மிகக் குறைந்த வகையிலேயே இருக்கின்றன. வாங்குமுன் அந்த மாதிரி எந்த வகையில் வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், குழலை மட்டும் ஒருபோதும் வெட்டிக் குறைக்காதீர்கள். ஆனால் எனக்குப் பெரிய காரணம் வேறு. ஒன்ராறியோவின் மான் காடு அடர்த்தியானது. மேப்பிளும் ஹெம்லொக்கும் சீடர்ச் சதுப்பும் கலந்த இடத்தில் 60, 70 மீற்றருக்கு அப்பால் மானே தெரியாது. அங்கே நீண்ட குழலும் பெரிய தொலைநோக்கியும் கிளையில் மாட்டும். லீவர் துவக்கு மெல்லியது, தட்டையானது, ஒரு கையில் பிடித்தபடி மணிக்கணக்கில் நடக்கலாம்.

இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். வின்செஸ்ரர் 94, ஜோன் பிரவுணிங் வடிவமைத்தது. 1894இல் வந்தது, 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். மற்றது மார்லின் 336, 1948இல் வந்தது. பழைய வின்செஸ்ரர் கோதை மேலே எறியும், அதனால் தொலைநோக்கி பூட்டுவது கஷ்டம். மார்லின் பக்கவாட்டில் எறியும். கண் பார்வை குறைந்தவர்களுக்கு அதுதான் வசதி. இரண்டுக்கும் பொதுவான ரவை .30-30. மானுக்கு 150 அல்லது 170 கிரெயின் எடையுள்ள சன்னம், 100 மீற்றரை ஒட்டிய தூரம் வரை. ஆனால் முதல் வருடமே இதில் தொடங்காமல், சின்ன ரவை போடும் .22 லீவர் ஒன்றில் பழகுவது நல்லது. ரவை மலிவு, உதை இல்லை, கை வேலை அதே வேலை.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாக வாசியுங்கள். இந்தத் துவக்குகளில் ரவைகள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதாவது ஒரு ரவையின் மூக்கு முன்னால் இருக்கும் ரவையின் அடியில், அடிபட்டதும் ரவையைப் பற்றவைக்கும் பிரைமர் இருக்கிற இடத்தில், முட்டிக்கொண்டிருக்கும். கூரான உலோக மூக்கு என்றால் உதையில் அது பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். ஆகவே தட்டை மூக்கு அல்லது இத்துவக்குகளுக்கென்றே செய்த மென்நுனி ரவை மட்டும்தான். பெட்டியில் .30-30 என்று இருந்தால் மட்டும் போதாது. ஒரு ரவையை எடுத்து மூக்கைப் பாருங்கள்.

அடுத்தது, பின்னால் வெளியே தெரியும் குதிரை, அதாவது விசையை இழுத்ததும் முன்னுக்கு விழுந்து வெடிக்க வைக்கும் சுத்தியல். அது மேலே நிற்கிறதா, பாதியில் நிற்கிறதா, விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், இருட்டில் பெருவிரலால் தடவியும் அறியலாம். எனக்கு இந்தத் துவக்கில் நம்பிக்கை வந்ததே அதனால்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. ரவை ஏறியிருக்கும்போது குதிரையை மெதுவாக இறக்கி அரை நிலைக்குக் கொண்டுவர வேண்டி வரும். தடித்த கையுறையோடு அதைச் செய்யாதீர்கள். பெருவிரல் வழுக்கினால் வெடி. மைனஸ் பத்துக் குளிரானாலும் அந்த ஒரு நிமிடம் கையுறையைக் கழற்றுங்கள், குழல் வாய் நிலத்தையோ மண்மேட்டையோ பார்த்தபடி இருக்கட்டும். வெறுந்துவக்கில் வீட்டில் இதை நூறு முறை பழகுங்கள்.

ரவை எடுக்கும்போதும் அப்படித்தான். நெம்பை அடித்து அடித்து எல்லாம் வெளியே வந்துவிட்டது என்று நினைப்போம், குழாயில் ஒன்று சிக்கி நிற்கும். அறைக்குள் பார்த்து, விரல் விட்டுத் தடவி, குழாயிலிருந்து ரவை தள்ளும் கட்டை கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அது வெறுந்துவக்கு.

என் முதல் மானை நான் விட்டதும் நெம்பால்தான். ஒன்ராறியோவின் பான்குறொவ்ற் ஊருக்கு வடக்கே, நவம்பர் இரண்டாம் கிழமை, விடிந்து அரை மணி. சீடர் ஓரத்தில் ஒரு கிடாய் மான் தலையைத் தூக்கி நின்றது. முதல் வெடி கிளையில் பட்டுத் திசை மாறிவிட்டது. மான் ஓடவில்லை, எங்கிருந்து சத்தம் என்று தேடியது. நான் சத்தம் கேட்டுவிடுமே என்று நெம்பை மெல்ல, முக்கால்வாசி மட்டும் தள்ளினேன். கோது பாதியில் நின்றது, அடுத்த ரவை அதில் போய் முட்டியது. இரண்டையும் நகத்தால் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது வெள்ளை வால் மேலே எழும்பி மரங்களுக்குள் போய்விட்டது. லீவர் துவக்கை மென்மையாகக் கையாளக் கூடாது. தோளை விட்டு எடுக்காமல், முன்னுக்கு முழுதாக அடித்து, முழுதாக இழுக்க வேண்டும். அன்று பின்னேரம் கொட்டிலில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் என் துவக்கை வாங்கி, வெறுமையாக்கி, பத்துத் தரம் அடித்துக் காட்டினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது: ட்ரக்-டக், இடையில் இடைவெளியே இல்லை.

வேட்டைச் சட்டத்துக்கு வருவோம். வதிவாளர் கட்டணத்தில் வேட்டை லைசென்ஸ் எடுக்க, விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதமாவது ஒன்ராறியோவில் வசித்திருக்க வேண்டும். வேட்டைக்குத் தேவையான அவுட்டோர்ஸ் கார்ட் 3 வருடத்துக்குச் செல்லும்; அதோடு மானுக்கான லைசென்ஸும் அடையாளச் சீட்டும் வேறு. சாதாரணச் சீட்டு கொம்புள்ள கிடாய்க்கு மட்டும்தான். பெண் மானுக்குக் குலுக்கலில் விழ வேண்டும், அதற்கான கடைசித் திகதி சீசனுக்கு மாதக்கணக்கில் முந்தியே முடிந்துவிடும்.

ரொறன்ரோவுக்குக் கிட்டிய விவசாய மாவட்டங்கள் பலவற்றில் மானுக்கு ரைபிளே அனுமதியில்லை, ஷொட்கன் போன்றவை மட்டும். லீவர் ரைபிளோடு போக வேண்டுமென்றால் ஹலிபேர்ட்டன், பான்குறொவ்ற், பரி சவுண்ட் பக்கம் வண்டியோட வேண்டும். மாகாணம் வேட்டை வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சீசன், தனி ஆயுதம். ஞாயிறு வேட்டைக்கும் தெற்கில் ஊருக்கு ஊர் விதி மாறும். வருடாவருடம் வரும் சுருக்கக் கையேட்டில் உங்கள் வலய எண்ணைக் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தை அச்செடுத்து வண்டியில் வையுங்கள். தனியார் காணியில் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. முதற்குடியினரின் ஒதுக்குநிலமும் அப்படித்தான். அரச காணி பெருமளவு இருக்கிறது, வரைபடத்தில் எல்லை பார்த்துப் போகலாம்.

துவக்குச் சீசனில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் ஒளிரும் செம்மஞ்சள், தலையிலும் அதே நிறம். உருமறைப்புக் கோலம் போட்ட செம்மஞ்சள் அந்தக் கணக்கில் சேராது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து மறைவுக்கு அரை மணி பின் வரைதான் வேட்டை நேரம். ரவை போட்ட துவக்கை வண்டிக்குள் வைத்திருப்பது குற்றம், வண்டி நின்றிருந்தாலும் கூட.

வீட்டில் வைப்பது பற்றிச் சட்டம் சொல்வது எளிது: ரவை இல்லாமல், பூட்டுப் போட்டு அல்லது பூட்டிய பெட்டிக்குள், ரவை எளிதில் கைக்கு எட்டாதபடி. நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு பூட்டு. நெம்பைத் திறந்து வைத்து, அறையூடாகக் கம்பிப்பூட்டைக் கோத்து, பிறகு இரும்பு அலுமாரிக்குள். ரவை வேறொரு பெட்டியில், திறப்பு இரண்டும் வேறு வேறு கோர்வையில். அப்பார்ட்மென்ற் வீடென்றாலும் இதே விதிதான். லிப்டில் கொண்டுபோகும்போது உறைக்குள் பூட்டிக் கொண்டுபோங்கள், அயலவர்களைப் பயப்படுத்த வேண்டாம்.

காட்டில் இருந்து கொட்டிலுக்கு வந்ததும் குளிர்ந்த துவக்கை அடுப்பருகே வைக்காதீர்கள். உள்ளும் புறமும் வியர்த்து, காலைக்குள் துரு பிடிக்கும். வெறுமையாக்கி, பூட்டி, சூடில்லாத அறையிலேயே விடுங்கள். வீடு வந்தபின் துடைத்து எண்ணெய் பூசலாம். எண்ணெய் கொஞ்சமாக. குளிரில் தடித்து நெம்பை இறுக்கிவிடும்.

சுட்ட மான் விழுந்ததும் சீட்டில் திகதியையும் நேரத்தையும் குறிக்க வேண்டும், இழுத்துக்கொண்டு போன பிறகு அல்ல. அது ஓடிவிட்டால் அரை மணி அசையாமல் இருங்கள், பிறகு இரத்தத் தடத்தில் போங்கள். துரத்தினால் அது தூரத்தில் போய்ச் செத்து வீணாகும். இறைச்சியை விற்கவே முடியாது, கொடுக்கலாம். நாங்கள் ஸ்காபுறோவுக்குக் கொண்டுவந்து நாலு வீட்டுக்குப் பிரிப்போம். கொழுப்பு மிகக் குறைவு, ஆட்டிறைச்சி போல வேக விட்டால் கட்டையாகிவிடும். யாழ்ப்பாணத் தூளும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் போட்டு மெல்லிய நெருப்பில் விட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு தொடையை உப்பும் மஞ்சளும் போட்டு வத்தல் போடுவோம். வெயில் இல்லாத ஊர் என்பதால் ஓவனில், மிகக் குறைந்த சூட்டில், கதவைச் சற்றே திறந்து வைத்து, இரவு முழுவதும்.

பிறகு கணினியைத் திறந்து மாகாணத்துக்கு அறிக்கை அனுப்புங்கள். மான் கிடைக்காவிட்டாலும், காட்டுக்கே போகாவிட்டாலும், சீட்டு எடுத்தவர் அனுப்பியே ஆக வேண்டும்.