கொழும்பிலிருந்து யுகட்டான் கரைக்கு: குகைச் சுழியோட்டமும் மாயா நகரங்களும்

புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு, மெக்சிக்கோவின் யுகட்டான் தீபகற்பத்தை விளக்குவது சுலபம். அங்கும் சுண்ணாம்புக்கல் நிலம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். யாழ்ப்பாணத்தில் பெரிய ஆறு இல்லாததற்கும் யுகட்டானின் வடபகுதியில் ஆறே தென்படாததற்கும் காரணம் ஒன்றுதான்: மழைநீர் கல்லைக் கரைத்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்கிவிடுகிறது. அப்படிக் கரைந்து உருவான குகையின் கூரை இடிந்து, உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும் பள்ளத்தை அங்கே செனோட்டே என்கிறார்கள். துலூம் நகருக்கு அருகே சாக் அக்தூன், டோஸ் ஓஹோஸ் என்னும் இரண்டு குகைத் தொகுதிகள் நீருக்கடியில் இணைந்திருப்பது 2018இல் கண்டறியப்பட்டபோது, மொத்த நீளம் 347 கிலோமீற்றர் என்று அளவிடப்பட்டது. ஏறத்தாழ கொழும்பிலிருந்து கிளிநொச்சி வரையான தூரம்.

ஏற்பாடுகளை விசாவிலிருந்து தொடங்குங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மெக்சிக்கோ விசா தேவை. விண்ணப்பங்களைக் கவனிப்பது புதுடில்லியிலுள்ள தூதரகம். ஐக்கிய அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, யப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றுள் ஒன்றின் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருந்தால், சுற்றுலாவுக்கு மெக்சிக்கோ தனி விசா கேட்பதில்லை. ஆயினும் பயணச்சீட்டு வாங்குமுன் அன்றைய விதியை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நேரடி விமானம் கிடையாது. அமெரிக்க நகரொன்றில் விமானம் மாறுவதாயின் அதற்கும் விசா வேண்டும் என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் உணர்கிறார்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மழை குறைவு. கொழும்புக் கடலில் சுழியோடும் பருவமும் அதுவே என்பதால், பருவத் தொடக்கத்தில் இங்கே பயிற்சி பெற்று, பெப்ரவரியில் அங்கே போவது நல்ல திட்டம்.

இனி முக்கியமான விடயம். திறந்த கடலில் ஏதாவது பிழைத்தால் மேலே வரலாம். குகையில் மேலே இருப்பது கல். ஆகவே அடிப்படைச் சுழியோட்டச் சான்றிதழ் மட்டும் உள்ளவர் போகக்கூடியது, வாயிலின் பகல் வெளிச்சம் எப்போதும் கண்ணில் படும் முகப்புப் பகுதிக்கு மட்டுமே. அங்கும் நிரந்தர வழிகாட்டிக் கயிற்றை ஒட்டியே செல்ல வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. வெளியே வரும் வழி 60 மீற்றரைத் தாண்டக் கூடாது. அதற்கு அப்பால் செல்ல முழுமையான குகைச் சுழியோட்டப் பயிற்சி வேண்டும். அந்த எல்லையில் மரணதேவதையின் படம் வரைந்த எச்சரிக்கைப் பலகை நீருக்குள் நிற்கும். கடலில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்தப் பலகை உங்களுக்கும் பொருந்தும். எல்லை தாண்டிக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லும் வழிகாட்டியுடன் முகப்புக்குக்கூட இறங்காதீர்கள்.

காற்றுக்கு மூன்றிலொரு பங்கு விதி உண்டு: உள்ளே செல்ல ஒரு பங்கு, திரும்பி வர ஒரு பங்கு, மற்றையது ஆபத்துக்கு. அதாவது சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் தொடங்கினால் 135 பாருக்குச் சற்று முன்பே திரும்ப வேண்டும். கால்களை மேலும் கீழும் அடிக்காமல் தவளைபோல் பக்கவாட்டில் உதையுங்கள். அடியிலுள்ள வண்டல் ஒருமுறை கிளம்பினால் டோர்ச் வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றுவிடும். நன்னீரில் மிதப்பு குறைவு என்பதால், அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளையும் குறைக்க வேண்டும். கடலுக்குப் பழகிய எடையை அப்படியே இடுப்பில் கட்டிக்கொண்டு நன்னீரில் முதன்முறை இறங்கிய நான், கல் போட்டது போல் அடியில் போய் அமர்ந்தேன். இரண்டு கிலோவைக் கழற்றிய பின்னரே மிதப்பு சரிவந்தது.

முதல் இறக்கத்துக்கு டோஸ் ஓஹோஸ் பொருத்தமானது. முகப்புப் பகுதியின் ஆழம் சுமார் 10 மீற்றர்தான். அங்கே கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புத் தூண்கள் காற்றில் மட்டுமே வளரக்கூடியவை. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இக்குகைகள் உலர்ந்து கிடந்தன என்பதற்கு அவையே சாட்சி. 2007இல் ஓயோ நெக்ரோ என்னும் பள்ளத்தின் அடியில் கண்டெடுக்கப்பட்ட பதின்ம வயதுப் பெண்ணின் எலும்புக்கூடு ஏறத்தாழ 13,000 ஆண்டுகள் பழமையானது. அஞ்சலீட்டா என்னும் செனோட்டே வேறு வகை: சுமார் 30 மீற்றர் ஆழத்தில் ஐதரசன் சல்பைட்டு வெண்முகில்போல் படர்ந்திருக்க, அதைக் கிழித்துக்கொண்டு பட்ட மரக்கிளைகள் நிற்கும். ஆழ்நீர் அனுபவம் உள்ளவர்களுக்கே அது உகந்தது.

சில செனோட்டேக்களில் நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் மட்டத்தைக் கடப்பீர்கள். சீனிப்பாகை வெந்நீரில் ஊற்றிய கணத்தில் தெரியும் நெளிவுபோல் எல்லாமே மங்கும். முகமூடியில் கோளாறு என்று நினைத்துத் துடைக்கத் தோன்றும். ஓரடி கீழிறங்கினால் மீண்டும் தெளிவு. நீர் 25 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். நம் கடலின் வெதுவெதுப்புக்குப் பழகிய உடல் இரண்டாம் இறக்கத்தில் நடுங்கும். ஆகையால் 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெட்சூட் (உடற்சூட்டைக் காக்கும் சுழியோட்ட உடை) எடுங்கள். சூரியக் களிம்பு பூசிக்கொண்டு நீரில் இறங்கக் கூடாது.

பண்டைய மாயா மக்களின் நகரங்களைக் கடைசி நாட்களுக்கு வைக்கச் சொல்வது அவை குறைந்தவை என்பதற்காக அன்று. பல தடவை சுழியோடியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணிநேரம் காத்திருக்க வேண்டும். 24 மணிநேரம் விட்டால் இன்னும் நல்லது. துலூமின் மதில் சூழ்ந்த நகரம் கடலோரப் பாறை மேல் இருப்பதால், காலை எட்டு மணிக்குத் திறந்ததும் நுழைந்து வெயில் ஏறுமுன் வெளியேறிவிடலாம். சிச்சென் இட்சாவுக்கு முழு நாள் ஒதுக்குங்கள். அது, துலூமைப் போலன்றி, யுகட்டான் மாநிலத்தில் இருப்பதால், கடிகாரம் துலூமை விட ஒரு மணிநேரம் பின்னால் ஓடும். வாகனம் பேசும்போது எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்குள்ள 30 மீற்றர் பிரமிட்டின் நான்கு பக்கமும் 91 படிகள், உச்சி மேடையோடு சேர்த்து 365. ஏறுவதற்கு அனுமதியில்லை.

எல்லோரும் பிரமிட்டுடன் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் வடக்கே போகும் பழைய மாயா பாதையில் சில நிமிடம் நடவுங்கள். 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்பதே அந்நகரப் பெயரின் பொருள். பாதை முடியும் இடத்தில், சுமார் 60 மீற்றர் அகலத்தில், பச்சை நீருடன் மாயாக்கள் காணிக்கை இட்ட கிணறு திறந்து கிடக்கிறது. அதில் இறங்க முடியாது. ஆனால் முந்தைய நாட்களில் நீங்கள் உள்ளிருந்து பார்த்த கல்லடுக்குகளை, இங்கே விளிம்பில் நின்று, வெளியிலிருந்து பார்க்கலாம்.