சிங்கப்பூர் – நியூயார்க்: விமான தூரமும் நேரமும் கணக்கிடுவது எப்படி?

கைப்பேசியில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரே இதற்குப் போதும். தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது மட்டும் வேண்டாம். பூகோள உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள்: இந்த இரண்டு ஊருக்கும் இடையிலான குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டிப் போகும்.

படி 1: ஆயத்தொலைவுகள்

சாங்கி விமான நிலையம்: அட்சரேகை 1.36, தீர்க்கரேகை 103.99. நியூயார்க் கென்னடி: 40.64, −73.78. மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் கட்டாயம். விட்டுவிட்டால் விடை 5,300 கி.மீ. என்று வந்து நிற்கும். 40°38′ என்று எழுதியிருந்தால் அது 40.38 அல்ல, 38ஐ 60ஆல் வகுக்க வேண்டும், 40.63.

படி 2: தூரம்

தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 + 73.78 = 177.77. கால்குலேட்டர் ரேடியனில் இல்லாமல் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்; பலருக்கும் கணக்கு உதைப்பது இங்கேதான்.

சைன் 1.36 × சைன் 40.64 = 0.0155
காஸ் 1.36 × காஸ் 40.64 × காஸ் 177.77 = −0.7580

கூட்டினால் −0.7425. இதற்குக் காஸ் இன்வர்ஸ் (cos⁻¹) போட்டால் சுமார் 137.95 டிகிரி. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,340 கி.மீ. பூமி சரியான உருண்டை இல்லை என்பதால், வெளியிடப்படும் தூரத்தோடு சில கி.மீ. வேறுபடும்.

படி 3: பறக்கும் நேரம்

விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 900 கி.மீ. என்று வைத்து, நேராக 900ஆல் வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டிலோ பதினெட்டரைக்கு மேல் இருக்கும். காரணம், விமானம் குறுக்குவழியிலேயே போவதில்லை. உயரத்தில் ஜெட் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதை முதுகில் வாங்கிக்கொள்ள, போகும்போது பசிபிக் மேலேயும் திரும்பும்போது பல நாள் அட்லாண்டிக் மேலேயும் பறப்பார்கள். அதாவது இரண்டு பயணமும் கிழக்கு நோக்கியே! துருவத்தின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால்தான் இது சாத்தியம்.

எனவே தூரத்தில் 5 சதவீதம் கூட்டுங்கள்: 16,107 கி.மீ. 900ஆல் வகுத்தால் 17 மணி 54 நிமிடம். ஓடுபாதை, ஏற்றம், இறக்கத்துக்கு 40 நிமிடம் சேர்த்தால் 18 மணி 34 நிமிடம். காற்றைப் பொறுத்து அரை மணி முன்பின் ஆகலாம்.

படி 4: இறங்கும் தேதி

சிங்கப்பூர் நேரம் நியூயார்க்கைவிட குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி முன்னால். அமெரிக்கக் கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும்.

ஜனவரி 10 இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். 18 மணி 34 நிமிடம் கூட்டினால் அங்கே 11ஆம் தேதி மாலை 4.34. அதோடு 13 மணி கூட்டினால் சிங்கப்பூரில் 12ஆம் தேதி காலை 5.34. ஹோட்டல் அறையை 11ஆம் தேதிக்குப் பதிவுசெய்தால் ஒரு நாள் வாடகை வீண். டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்தின் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் “+2” இதைத்தான் சொல்கிறது.