பழைய ஸ்போர்ட்ஸ் கார்: விலை பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, டெல்லி வண்டி, ரெண்டு கதவு, பெட்ரோல். 17 லட்சத்துக்கு முடிச்சுட்டேன். நம்ம பக்கம் இதே வண்டி 26 போகுது." அட்வான்ஸ்தானே கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். முழுப் பணமும் போய்விட்டதாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அச்சு அசலாக இதே வேலையை 2019-இல் நானும் செய்தேன்.

கும்பகோணத்தில் இந்த மாதிரி வண்டிகளை வாங்கி விற்கிறேன். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா, கடன் பாக்கி இருக்கிறதா என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

வெளிமாநில வண்டியின் விலையை மட்டும் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். நான் வாங்கியது ஒரு ஜெர்மன் கூப்பே, அதாவது ரெண்டு கதவு வண்டி. புதிதில் 62 லட்சம், என் கைக்கு வந்தது 19 லட்சத்துக்கு. டெல்லியில் டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று வரம்பு வந்த பிறகு அங்கே பழைய வண்டியின் விலை தனியாகவே சரிந்து கிடந்தது. எனக்கு அது லாபமாகத் தெரிந்தது. பழைய ஆர்டிஓவிடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, லாரியில் ஏற்றி, ஊர் வந்து சேர்ந்து, கும்பகோணத்தின் டிஎன் 68 நம்பருக்காக ஆர்டிஓ ஆபீஸ் போனபோதுதான் விஷயம் புரிந்தது.

ஆயுள் வரியை, அதாவது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரியை, நீங்கள் கொடுத்த விலைக்குப் போடமாட்டார்கள். வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதற்குத்தான் போடுவார்கள். வயதுக்கு ஏற்ப விகிதம் குறையும், ஆனால் மிக மெதுவாகக் குறையும். சந்தை விலை ஆறே வருடத்தில் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வரி அந்த வேகத்தில் இறங்காது. என் 19 லட்ச வண்டிக்கு வரி மட்டும் 8 லட்சத்தை ஒட்டி வந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று என் அப்பா அன்று சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அப்போதாவது புது வண்டிக்கு உச்ச விகிதம் 15 சதவீதம். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம். இன்று அதே தவறு இன்னும் அதிகமாகக் கடிக்கும்.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. காரைக்கால் பக்கத்திலேயே இருப்பதால் புதுச்சேரியின் பிஒய் நம்பர் வண்டிகள் நாகையிலும் மயிலாடுதுறையிலும் தாராளமாக ஓடுகின்றன. "அப்படியே ஓட்டலாம் சார், யாரும் கேட்கமாட்டாங்க" என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பரை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் விற்கப் போனால் வாங்குபவர் அந்த வரியை உங்கள் விலையில்தான் கழிப்பார்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். நம் ஊரில் என்ன விலைக்குப் போகும் என்று பாருங்கள். அதிலிருந்து வரி, லாரி வாடகை, இன்சூரன்ஸ் மாற்றம், டயர், முதல் சர்வீஸ் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் நிற்பதுதான் அந்த வண்டிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய விலை. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு நடையாய் நடக்க வேண்டும், அதைக் கையிலிருக்கும் பணமாக எண்ணிவிடாதீர்கள். என்ஓசியில் நம் ஆர்டிஓ பெயர் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

ஓடாத வண்டிக்கு அதிக விலை கொடுப்பது

9,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று தஞ்சாவூரில் ஒருவர் வண்டி காட்டினார். குனிந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். கடைசி நாலு எண் 2316. அதாவது 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் (தரையில் படும் மேடுகள்) முழுசாக இருந்தது, ரப்பரோ நகத்தால் அழுத்தினால் கல் மாதிரி. ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள். நாலு டயர், பேட்டரி, பிரேக் ஆயில் என்று அன்றே விலையில் கழித்தேன். நின்ற வண்டியைவிட மாதம் இரண்டு முறை திருச்சி வரை போய்வந்த வண்டியை நான் நம்பி வாங்குவேன்.

எக்ஸாஸ்ட், ரீமேப் செலவை விலையில் கூட்டுவது

வேறு எக்ஸாஸ்ட் போட்டதற்கும், இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி சக்தி கூட்டும் ரீமேப்புக்கும் செலவழித்த பணம் விற்கும்போது திரும்பாது, போனது போனதுதான். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை எடுத்து வையுங்கள், அவற்றுக்குத்தான் மதிப்பு.

அபூர்வம் என்றால் விலை ஏறும் என்று நம்புவது

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ 2016-இல் வந்தபோது இந்தியாவுக்கு 99 வண்டிதான் என்றார்கள். விலை 25.65 லட்சம். மறு வருடமே ஷோரூம் விலை 19.99 லட்சத்துக்கு இறங்கியது. முதலில் வாங்கியவரின் மறுவிற்பனைக் கணக்கு அன்றே மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் பெரிய கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் போய், மொத்தத்தில் அதைவிடக் குறைவாக ஒரே 40 சதவீதம் வந்தபோதும் இப்படித்தான். புது வண்டி விலை இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும்.

ஐடிவியைச் சந்தை விலையாக நினைப்பது

ஐடிவி என்பது வண்டி முழுதாகப் போனால் இன்சூரன்ஸில் கிடைக்கும் தொகை, அதை ஒரு அட்டவணையை வைத்துப் போடுவார்கள். வண்டியின் வயது நாலிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 50 சதவீதம் கழிப்பார்கள். உங்கள் வண்டி யாருக்குத் தேவை என்று அந்த அட்டவணைக்குத் தெரியாது.

அடிப்பக்கத்தைப் பார்க்காமல் முடிப்பது

டெல்டாவில் வண்டி வாங்கினால் லிஃப்டில் ஏற்றாமல் விலை பேசாதீர்கள். அறுவடைக் காலத்தில் பாதி ரோடு நெல் காயும் களம்தான். தரையோடு தாழ்ந்த வண்டி அதன்மேல் போனால் வைக்கோல் அடியில் சுருண்டுகொள்ளும். எக்ஸாஸ்ட் சூட்டில் அது பற்றினால் வண்டியே போய்விடும். திருவாரூர் பக்கம் ஒரு வண்டியை ஏற்றிப் பார்த்தபோது வெப்பத் தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் கைப்பிடி வைக்கோல் இருந்தது, ஒரு முனை கருகிப்போய். முன் பம்பரின் கீழ் உதடு வேகத்தடையில் தேய்ந்து பாதியாகியிருந்தது. உரிமையாளரும் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார். அவர் கேட்ட விலையிலிருந்து ஒன்றரை லட்சத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டார்.