கோலாலம்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

முதல் சம்பளம் கைக்கு வந்ததும் மனசு ஊருக்குத்தான் ஓடும். பயணத்துக்கு வாங்கிய கடன், அப்பாவின் மருந்து, தங்கையின் கல்லூரிக் கட்டணம் என்று எல்லாமே காத்துக்கொண்டிருக்கும். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தரப்பட வேண்டும். அந்த வாரம் மஸ்ஜித் இந்தியாவிலும் லெபோ அம்பாங்கிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் பணம் அனுப்பும் கடைகளில் கூட்டம் நெரியும். அறையில் கூட இருப்பவர் எந்தக் கடைக்குப் போகிறாரோ அதே கடைக்கு நாமும் போய்விடுவோம். அப்புறம் வருடக்கணக்கில் அங்கேயேதான். ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டால் மாதாமாதம் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுக்கு அனுப்புவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிங்கிட்டை இங்கே எல்லோரும் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

எந்தக் கடையிலும் எந்த ஆப்பிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் இவ்வளவு வெள்ளி கொடுத்தால், அங்கே கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?" கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதி விஷயம் மறைந்துவிடும். பணம் அனுப்புகிறவர்கள் இரண்டு வழிகளில் சம்பாதிக்கிறார்கள். ஒன்று, வெளிப்படையாகச் சொல்லும் கட்டணம். மற்றொன்று, மாற்று விகிதத்தில் எடுத்துக்கொள்ளும் வித்தியாசம். சந்தையில் ஒரு வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,500 வெள்ளி என்றால் 30,000 ரூபாய். ஒரு கடையில் "கட்டணமே இல்லை" என்று போர்டு வைத்து, விகிதத்தை 19.60 என்று தருகிறார்கள். வீட்டுக்குப் போவது 29,400. இன்னொரு இடத்தில் 12 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 19.95 தருகிறார்கள். மீதி 1,488 வெள்ளிக்கு 29,685 ரூபாய் போகிறது. இலவசம் என்று சொன்ன இடத்தில்தான் 285 ரூபாய் குறைவு. மாதம் தவறாமல் அனுப்பினால் வருடத்துக்கு மூவாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல் போய்விடும். இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். நீங்கள் அனுப்பும் அன்று கூகுளில் சந்தை விகிதத்தைப் பார்த்து, அதை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

எவ்வளவு செலவு நியாயம் என்று ஒரு அளவுகோல் வேண்டுமென்றால், வெளிநாட்டில் உழைப்பவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐ.நா. இலக்கு வைத்திருக்கிறது. அதன்படி 1,500 வெள்ளிக்கு 45 வெள்ளி. கட்டணமும் விகித வித்தியாசமும் சேர்ந்து அதைத் தாண்டினால் அந்த இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கொஞ்சம் தேடினால் அதில் பாதிக்கும் குறைவான செலவில் அனுப்ப முடியும்.

சரி, எதன் வழியாக அனுப்புவது? சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் அனுப்புவது, செய்யலாம். சிறு தொகைக்கு அது கட்டுப்படியாகாது. இந்த வங்கி ஒரு கட்டணம் எடுக்கும், வழியில் இடைத்தரகு வங்கி இருந்தால் அதுவும் எடுக்கும், வாங்கும் வங்கியும் எடுக்கலாம். இந்தியாவில் ரூபாயாக மாற்றும்போது ஜி.எஸ்.டி. வேறு. 30,000 ரூபாய்க்கு அது 54 ரூபாய்தான், ஆனாலும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வீட்டு மனை வாங்குவது போன்ற பெரிய தொகைக்கு மட்டும் வங்கியைக் கேட்டுப் பாருங்கள்.

மாதாந்தரச் செலவுக்கு ஆப்களும் பணம் அனுப்பும் கடைகளும்தான் சரி. வைஸ், இன்ஸ்டாரெம், பிக்பே, மெர்ச்சன்ட்ரேட், மணிமேட்ச் என்று பல இருக்கின்றன. இதில் எது சிறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அது தொகைக்குத் தகுந்தபடியும் நாளுக்கு நாளும் மாறும். இரண்டு ஆப்களில் கணக்குத் திறந்து வைத்துக்கொண்டு, அனுப்பும் அன்று இரண்டிலும் தொகையைப் போட்டு, கடைசித் திரையில் "பெறுபவருக்குக் கிடைக்கும் தொகை" எது அதிகமோ அதில் அனுப்புங்கள். முதல்முறை அனுப்புகிறவர்களுக்குச் சலுகை விகிதம் காட்டுவார்கள். இரண்டாம் மாதம் அது இருக்காது, மறுபடியும் ஒப்பிட வேண்டும். பாஸ்போர்ட், பெர்மிட், உங்கள் பெயரிலேயே உள்ள மலேசிய வங்கிக் கணக்கு மூன்றும் தயாராக இருக்கட்டும். நண்பரின் கணக்கிலிருந்து பணத்தைப் போட்டால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சனி, ஞாயிறுகளில் நாணயச் சந்தை மூடியிருக்கும், அதனால் சிலர் விகிதத்தைக் குறைத்து வைப்பார்கள். அவசரம் இல்லையென்றால் வார நாளில் அனுப்புங்கள்.

கடைக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் சுவரைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு வந்த பணச் சேவைத் தொழில் சட்டப்படி, மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் இல்லாமல் யாரும் பணம் அனுப்பும் தொழில் செய்யக்கூடாது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் பேங்க் நெகாரா இணையதளத்திலேயே இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: காசு மாற்ற மட்டும் உரிமம் வைத்திருக்கும் மணி சேஞ்சர், ஊருக்குப் பணம் அனுப்பித் தர முடியாது. அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது வேறு வழியில் போகப்போகிறது என்று அர்த்தம்.

அந்த வேறு வழிதான் உண்டியல்: இங்கே ஒருவரிடம் வெள்ளியைக் கொடுத்தால், அங்கே அவருடைய ஆள் வீட்டுக்கு ரூபாயைத் தருவார். ஒரு காலத்தில் அதற்கு இங்கே மரியாதையான இடம் இருந்தது. லெபோ அம்பாங்கிலும் பினாங்கிலும் நகரத்தார் (செட்டியார்) வட்டிக்கடைகளான கிட்டங்கிகள் இருந்த நாட்களில், உண்டியல் ஒரு வியாபாரியின் வாக்கு. 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி அடுத்ததாகக் கிளை திறந்தது பினாங்கில்தான் என்றால், இந்தக் கடல்வழியில் எவ்வளவு பணம் போய் வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். இன்று அந்தப் பெயரில் நடப்பது சட்டவிரோதம், இரண்டு நாடுகளிலும். நல்ல விகிதம் தருவார்கள், சாயங்காலத்துக்குள் வீட்டில் பணம் கிடைத்துவிடும், பலரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்தப் பணம் உங்கள் அம்மாவின் கணக்கில் யார் பெயரிலிருந்து விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ஏதோ ஊரில் முகம் தெரியாத ஒருவரின் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாக வரும். அந்தக் கணக்கில் சைபர் மோசடிப் பணம் புழங்கியிருந்தால், புகார் பதிவானதும் அங்கிருந்து பணம் போன கணக்குகளையும் முடக்கச் சொல்லிப் போலீஸிலிருந்து வங்கிக்குத் தகவல் போகும். அம்மா ஏ.டி.எம்.முக்குப் போனால் பணம் வராது. வங்கியில் கேட்டால் வேறு மாநில சைபர் காவல் நிலையத்தைப் பார்க்கச் சொல்வார்கள். வயதானவர்களை அந்த அலைச்சலில் தள்ளுவதற்கு 200 ரூபாய் லாபம் ஈடாகாது. உண்டியல் வேண்டவே வேண்டாம்.

ஊர்ப்பக்கம் வாங்கும் கணக்கின் விவரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். முதலாவது பெயர். பாஸ்புக்கில் "எஸ். முருகன்" என்று இருக்கும், ஆதாரில் "முருகன் செல்வம்" என்று இருக்கும், நீங்கள் ஆப்பில் "செல்வம் முருகன்" என்று அடிப்பீர்கள். பணம் நடுவில் நின்றுவிடும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இனிஷியலும் இடைவெளியும் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள். அடுத்தது வங்கிக் கிளையைக் காட்டும் குறியீடான ஐ.எஃப்.எஸ்.சி. மொத்தம் 11 எழுத்து. ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம், ஆங்கில 'ஓ' அல்ல. பாஸ்புக் பழையதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2020இல் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. அதற்கு முந்தைய வருடம் பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. கிளையில் கேட்டுப் புதிய குறியீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிராமத்தில் அம்மாவுக்கு இருப்பது ஜன் தன் கணக்காக இருக்கலாம். முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த சிறு கணக்கு என்றால் வெளிநாட்டுப் பணத்தை அதில் வரவு வைக்க மாட்டார்கள், வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரவு என்ற வரம்பும் உண்டு. ஆதார், பான் எடுத்துக்கொண்டு போய் கே.ஒய்.சி.யை முழுதாக முடித்துவிட்டால் தீர்ந்தது. முதல்முறை 100 வெள்ளி மட்டும் அனுப்பிப் பார்த்துவிட்டு, அது விழுந்தபிறகு மீதியை அனுப்புங்கள். காரணம் கேட்கும் இடத்தில் குடும்பச் செலவு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இதுவரை சொன்னது வீட்டாரின் கணக்குக்கு அனுப்புவதைப் பற்றி, உங்கள் சொந்தச் சேமிப்புக்கு இது பொருந்தாது. வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டால், ஊரில் இருந்த உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். பலர் இதைச் செய்வதே இல்லை. இங்கே சம்பாதித்துச் சேர்ப்பதற்கு என்.ஆர்.இ. கணக்கு திறப்பதுதான் நல்லது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்து வரலாம். என்.ஆர்.ஓ. வட்டியிலோ 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக்கொள்வார்கள். ஊர் வாடகை, நிலக் குத்தகை போன்ற வரவுக்கு மட்டும் அது இருக்கட்டும். பெற்றோர், மனைவி, கூடப் பிறந்தவர்களுக்கு நீங்கள் அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் நண்பர் கணக்குக்கு அன்பளிப்பாக வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் போனால் அது அவருடைய வருமானமாகக் கணக்கில் வரும்.

ஏ.டி.எம். கார்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். "உன் கணக்கை ஒரு மாதம் மட்டும் கொடு, 300 வெள்ளி தருகிறேன்" என்று கேட்டு ஆட்கள் வருவார்கள், சில சமயம் தமிழிலேயே பேசிக்கொண்டு. மோசடிப் பணத்தை மாற்றுவதற்காக அப்படிக் கணக்கு கொடுப்பது இங்கே குற்றம், பெர்மிட்டோடு வேலையும் போய்விடும். ஏமாந்து பணத்தை அனுப்பிவிட்டால் உடனே உங்கள் வங்கியையோ 997ஐயோ கூப்பிடுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

இங்கே படிக்க வந்த பிள்ளைகளுக்கு எதிர்த் திசையில் பணம் வர வேண்டியிருக்கும். இந்தியாவில் இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ரிங்கிட்டுக்கு மலேசியாவுக்கு வெளியே சந்தை இல்லாததால், பணம் பெரும்பாலும் டாலராகக் கிளம்பி இங்கே வந்துதான் வெள்ளியாக மாறும், அதாவது இரண்டு முறை மாற்றும் செலவு. அதனால் செமஸ்டர் கட்டணத்தையும் தங்கும் செலவையும் தனித்தனியாக அனுப்பாமல் ஒரே தடவையில் அனுப்பச் சொல்லுங்கள்.