கதைமாந்தர் மனத்துக்குள் வரும்போது: புனைவெழுதுவோருக்கு ஒரு வழிகாட்டி

நாவல் எழுதத் துணியும் பலர் முதலில் ஒரு படிவத்தை நிரப்புகிறார்கள். பாத்திரத்தின் பெயர், வயது, ஊர், படிப்பு, வேலை, பிடித்த உணவு, சிறுவயதில் மனத்தில் பட்ட காயம் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் அந்த மனிதரை எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். அவர் நடப்பதில்லை. கற்பனைக்குள் முதன்முதலாக வரும் கதைமாந்தர் அநேகமாக முழு மனிதராக வருவதில்லை. ஒரு காட்சியாகவோ, ஒரு குரலாகவோ, ஒரு பெயராகவோ, யாரோ செய்த ஒரு செயலாகவோதான் வருகிறார். அந்தத் துணுக்கு தன்னோடு ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறது. எழுதத் தூண்டுவது அந்தக் கேள்விதான். படிவம் அதற்கு அவசரமாக விடை எழுதிவிடுவதால், எழுதுவதற்கான தேவையே அங்கு தீர்ந்துபோகிறது. ஆகவே, வந்த துணுக்கை எப்படி அடையாளம் காண்பது, அதிலுள்ள கேள்வியைக் கெடுக்காமல் எப்படி வளர்ப்பது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

காட்சியாக வருவதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னர், 1929இல் வெளியான தம்முடைய 'தி சவுண்ட் அண்ட் த ஃபியூரி' நாவல் மனத்தில் தோன்றிய ஒரே ஒரு படத்திலிருந்து பிறந்தது என்று பின்னாளில் நேர்காணலில் சொன்னார். பேரிக்காய் மரத்தில் ஒரு சிறுமி ஏறியிருக்கிறாள். அவளுடைய உள்ளாடையில் சேறு படிந்திருக்கிறது. மரத்திலிருந்தபடி, வீட்டுக்குள் பாட்டியின் இறுதிச் சடங்கு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து, கீழே நிற்கும் சகோதரர்களுக்குச் சொல்கிறாள். அவ்வளவுதான் படம். அந்தக் குழந்தைகள் யார், என்ன செய்துகொண்டிருந்தார்கள், ஆடையில் சேறு எப்படி வந்தது என்று விளக்கத் தொடங்கியபோதுதான், இது சிறுகதைக்குள் அடங்காது, ஒரு நூலாகவே ஆகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. முதலில் மனவளர்ச்சி குன்றிய சகோதரனின் கண் வழியாகச் சொல்லிப் பார்த்தார், போதவில்லை. அடுத்த சகோதரனை வைத்துச் சொன்னார், பிறகு மூன்றாமவனை. கடைசியில் தாமே கதைசொல்லியாக நின்று நான்காம் முறை சொன்னார். மரத்தில் ஏறிய, கேடி (Caddy) என்ற பெயருடைய அந்தச் சிறுமிக்கு மட்டும் சொந்தக் குரலில் ஒரு பகுதியும் இல்லை. நாவலின் நான்கு பகுதிகளும் அவளைச் சுற்றியே நிற்கின்றன. அவள் பிறர் நினைவில் மட்டும் வாழ்கிறாள். முதலில் வந்த படத்தைக் கடைசிவரை விளக்கித் தீர்க்காமல் காப்பாற்றியதால் அந்தப் பெண் இவ்வளவு காலம் நம்மை விடாமல் தொடர்கிறாள் என்பது என் உறுதியான எண்ணம்.

காட்சி வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அதைப் பார்த்தபடியே எழுதுங்கள், பொருள் சொல்லாதீர்கள். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் கல்யாணப் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்; தம் ஊர்ப் பேருந்துகள் வந்து வந்து போகின்றன, எதிலும் ஏறவில்லை. 'மகளின் திருமணத்தில் விருப்பமில்லாத, ஓய்வுபெற்ற கணக்கர்' என்று நோட்டில் எழுதினால் கதை அந்த வரியிலேயே முடிந்துவிடும். மாறாக, பத்திரிகைக் கட்டின்மேல் ரப்பர் பட்டை போட்டிருந்ததா, மஞ்சள் தடவியிருந்ததா, கட்டில் எத்தனை மீதம் இருந்தன, பேருந்து வரும்போது அவர் தலைநிமிர்ந்தாரா என்பவற்றை எழுதுங்கள். அதன்பின் அந்தக் காட்சி எழுப்பும் கேள்வியை ஒரே வாக்கியமாகக் கீழே எழுதுங்கள்: இவர் ஏன் ஏறவில்லை? இந்தக் கேள்விக்கு முதலில் தோன்றும் விடையை ஒதுக்கிவையுங்கள். அது பெரும்பாலும் எல்லோருக்கும் தோன்றக்கூடிய விடையாக இருக்கும். இரண்டாவதும் அப்படி இருக்கலாம். உங்களுக்கே சற்றுச் சங்கடம் தரும் விடை ஒன்று வரும்வரை பொறுத்திருங்கள். அந்தக் கட்டில் மீதமிருப்பது ஒரே ஒரு வீட்டுக்கான பத்திரிகை என்று தோன்றினால், அந்த வீடு யாருடையது என்ற அடுத்த கேள்வியும் பிறந்துவிடும். அங்கே இரண்டாவது கதைமாந்தர் வந்து நிற்பார்.

செயலாக வரும் பாத்திரங்களை வளர்ப்பது இதைவிடக் கடினம். ஏனென்றால் செயலைக் கேள்விப்பட்டவுடன் நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயின் 'அன்னா கரேனினா' நாவலின் நாயகி உருவான விதத்தை இதற்காகவே கவனித்துப் படிக்க வேண்டும். உயர்குடியில் பிறந்து, திருமணமாகி, வழிதவறிய ஒரு பெண்ணைக் குற்றவாளியாகக் காட்டாமல் இரக்கத்துக்குரியவளாகக் காட்டுவதே தமக்கு முன்னிருக்கும் வேலை என்று 1870இல் அவர் மனைவி சோஃபியாவிடம் சொன்னார். சோஃபியா அதைக் குறித்துவைத்தார். அப்போது அவரிடம் இருந்தது ஒரு கருத்து மட்டுமே. 1872 ஜனவரியில், அண்டைப் பண்ணையார் ஒருவரோடு வாழ்ந்துவந்த அன்னா பிரகோவா என்ற பெண், தான் கைவிடப்பட்டதால் அருகிலிருந்த ரயில் நிலையத்தில் சரக்கு ரயிலின் முன் விழுந்து இறந்தாள். டால்ஸ்டாய் அங்கு சென்று உடலைப் பார்த்தார். அப்போதும் எழுதவில்லை. 1873 மார்ச்சில், விருந்தினர் வந்து சேர்வதோடு சட்டென்று தொடங்கும், ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் முற்றுப்பெறாத உரைநடைத் துண்டு ஒன்றைப் படித்தபோதுதான் எழுதத் தொடங்கினார். கருத்து, மரணம், தொடங்கும் முறை ஆகிய மூன்றும் மூன்று வேறு காலங்களில் வந்தன. தோற்றத்தின் சில அடையாளங்கள், குறிப்பாகக் கழுத்தருகே சுருண்டு விழும் கூந்தல், அவர் சந்தித்திருந்த புஷ்கினின் மகள் மரியாவிடமிருந்து வந்தவை என்பர். இன்னும் முக்கியமானது, தொடக்க வரைவுகளில் நாயகி அழகற்றவள், நாகரிகம் குறைந்தவள், கணவர்தான் நல்லவர். திருத்தித் திருத்தி எழுதும்போதுதான் இரக்கம் அவள் பக்கம் நகர்ந்தது. இரக்கம் காட்ட வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தவருக்குக்கூட, அது எழுத்தில் கைகூட வரைவுகள் தேவைப்பட்டன.

இதிலிருந்து ஒரு நடைமுறை கிடைக்கிறது. செய்தித்தாளிலோ ஊர்ப் பேச்சிலோ ஒரு செயலைக் கேட்டால், செய்தவரை எழுதத் தொடங்குவதற்கு முன், அவர்மீது உங்களுக்கு வரும் முதல் தீர்ப்பைத் தனியே எழுதி வையுங்கள். முதல் வரைவை அந்தத் தீர்ப்போடுகூட எழுதலாம். இரண்டாவது வரைவில், அதே செயலை அவர் தமக்கு எப்படி நியாயப்படுத்திக்கொள்வார் என்பதை அவர் வாய்மொழியாக ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கம் கதையில் இடம்பெற வேண்டியதில்லை.

செயலை வைத்துப் பாத்திரத்தைக் கண்டறியும் வழிக்குத் தமிழில் ஜெயகாந்தனைக் காட்டிலும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1966இல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். விஷயம் அவர்கள் இருவருக்குள் அடங்குகிறது. வாசகர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. பிறகு, அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் வளர்ந்தது. அண்ணன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, படித்து, வேலைக்குப் போய், தனக்குள் இறுகிப்போன கங்கா அதில் உருவாகிறாள். மாறியது அருகிலிருந்த வேறொருவரின் ஒரு செயல்; புதிதாகப் பிறந்தது ஒரு முழு ஆளுமை. உங்கள் பாத்திரம் அசையாமல் நின்றுவிட்டால் அவரைக் குடைந்துகொண்டே இருக்காதீர்கள். அவருக்கு மிக நெருக்கமான ஒருவர் முக்கியமான தருணத்தில் வேறு விதமாக நடந்திருந்தால் என்ன என்று எழுதிப் பாருங்கள்.

குரலாக வருவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஓர் எச்சரிக்கையைத் தவிர. காதில் விழுந்த வாக்கியத்தை விழுந்தபடியே, அந்த வட்டார வழக்கிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதினால் ஆளே மறைந்துவிடுவார். "எனக்கென்னங்க மதினி, நான் சொல்லிட்டுப் போயிருவேன்" என்ற ஒரு வரியில், யாரிடம் பேசுகிறார், எவ்வளவு மரியாதை, எவ்வளவு உள்குத்து என்பதெல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. கேட்டவருடைய பதிலையும் எழுதிப் பாருங்கள். குரல் தனியாக நிலைப்பதில்லை.

பெயராக வருவது அரிது, ஆனால் வரலாற்றுப் புனைவு எழுதுவோருக்கு அதுவே பெரிய வாசல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவியாகக் குறிக்கப்படுகிறார். அந்த வந்தியத்தேவருடைய பேச்சையோ சிரிப்பையோ அவசரப் புத்தியையோ எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி, 1950 முதல் 1954 வரை தம் பத்திரிகையில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் இளைஞனை வைத்தார். நிறைய ஆவணம் கிடைக்கும் அரசனைவிட, ஓரமாக ஒரு வரியில் வந்துபோகும் பெயர் எழுத்தாளருக்கு அதிக இடம் தருகிறது. கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டும்போது இப்படிப்பட்ட ஓரப் பெயர்களைத் தனியே குறித்துவையுங்கள்.

இனி, தெரிந்தவர்களிலிருந்து பாத்திரம் செய்வது. இங்கே அளவு முக்கியம். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் தம்முடைய 'தி ஸ்பாய்ல்ஸ் ஆஃப் பாயிண்டன்' (1897) நாவலின் முன்னுரையில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில், பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்மணி, இறந்துபோனவரின் வீட்டு மரச்சாமான்களுக்காகத் தாயும் மகனும் சண்டையிடுவதைப் பேச்சுவாக்கில் சொன்னார். சில சொற்களிலேயே ஜேம்ஸுக்குக் கரு கிடைத்துவிட்டது. அவர் மேலும் விவரங்களைச் சொல்லச் சொல்ல, இனி இவை வேண்டாமே என்று ஜேம்ஸ் தவித்தார். உண்மையில் நடந்தது கருவைப் பாழாக்கும் என்று அவருக்குத் தோன்றியது. இது விசித்திரமான மனநிலை அல்ல. விதைக்குத் தேவையான அளவு ஈரம் போதும், மிகுந்தால் அழுகிவிடும். உங்கள் சித்தப்பாவைப் பற்றி எல்லாம் தெரிந்திருப்பதால்தான் அவரை உங்களால் எழுத முடிவதில்லை. அவரிடமிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, சற்றும் தொடர்பில்லாத வேறொருவரின் சூழலில் வையுங்கள். இருவரும் அடையாளம் தெரியாமல் கலந்து மூன்றாமவர் ஒருவர் எழுந்தால் எழுதுங்கள். சித்தப்பாவே எழுந்து வந்தால் நிறுத்திவிடுங்கள். உயிருள்ள ஒருவரை ஊர் அடையாளம் கண்டுகொள்ளும்படி எழுதுவது அவருக்குச் செய்யும் தீங்கும்கூட.

துணுக்கு உயிருள்ளதா என்று சோதிக்க, அவரை இன்னொருவரோடு பேசவிடுவதே நான் நம்பும் வழி. மேலே சொன்ன பெரியவரின் பக்கத்தில் ஒரு பூக்காரம்மா வந்து உட்காரட்டும்.

"எந்த ஊருக்குப் போகணும் ஐயா?"

"போயிட்டு வந்தாச்சும்மா."

அவர் போகவே இல்லை என்று நமக்குத் தெரியும். அவர் பொய் சொல்வார் என்பது எழுதும்வரை நமக்குத் தெரியாது. இப்படி நீங்கள் திட்டமிடாத ஒரு பதிலை அவர் சொன்னால் தொடருங்கள். நீங்கள் நினைத்ததையே திருப்பித் திருப்பிச் சொல்கிறாரென்றால் அவர் இன்னும் வரவில்லை. வேறு ஒருவரை, வேறு ஒரு நேரத்தை வைத்து மீண்டும் முயலுங்கள்.

வராதவரைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸுக்கு, பனி மூடிய காட்டில் குடையும் பொட்டலங்களும் ஏந்திச் செல்லும் ஆட்டுக்கால் கொண்ட தொன்ம உருவம் ஒன்றின் படம் ஏறத்தாழ 16 வயதில் மனத்தில் வந்தது. அதைக் கதையாக்கிப் பார்ப்போம் என்று அவர் முடிவெடுத்தபோது வயது 40ஐ ஒட்டியிருந்தது. அதிலிருந்து வளர்ந்த 'நார்னியா' சிறுவர் கதை வரிசையின் முதல் நூல் 1950இல் வெளிவந்தது. ஆகவே துணுக்குகளுக்கென்று தனி நோட்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தேதியும் இடமும் போட்டு, அது எழுப்பிய கேள்வியை அதன் கீழேயே எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் படியுங்கள். கேள்வி இன்னும் உறுத்துகிற பக்கங்களில் மட்டும் ஒரு மடிப்பு வையுங்கள். இரண்டு பக்கங்களில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருக்கக்கூடுமா என்று பாருங்கள். இருக்கக்கூடும் என்றால் அவர்கள் சந்திக்கும் இடத்திலிருந்து எழுதத் தொடங்குங்கள்.